சப்பாத்தோட வாங்கோ, சேர்

அத்தியாயம் ஒன்பது

ரதிதேவியின் வீட்டுக்குள் சப்பாத்தோடு நுழைந்தவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை. ஆக்லாந்தின் மேற்கே ஹென்டர்சனுக்குக் குடிவந்த புதிதில் டெலிபோன் இணைப்புக் கொடுக்க வந்த வெள்ளைக்காரனை வாசலிலேயே மறித்துக் கழற்ற வைத்தவள் அவள். நெஞ்சு நோகிறது என்று புருஷன் ஜெயரட்ணம் சுருண்டு கிடந்த அன்று, அம்புலன்சில் ஓடி வந்தவர்களிடமும் "ஷூஸ், ப்ளீஸ்" என்று கையைக் காட்டினாள். நல்ல காலம், அது வெறும் வாய்வு.

அப்படிப்பட்டவள்தான் இந்த ஆனி மாதத்தில் ஒரு மனிதரைப் பார்த்து, "பரவாயில்லை சேர், சப்பாத்தோட வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். ஒரு தெருவின் தலையெழுத்தே அந்த ஒரு சொல்லால் மாறிவிட்டது என்பது இன்று காலைதான் அவள் மகளுக்குத் தெரிய வந்தது.

சுகந்தினியை உங்களுக்கு மறந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் பாதியில் நின்ற படிப்பை ஆக்லாந்தில் முடித்து, நகர மையத்தில் வட்டாரச் சபையின் திட்டமிடல் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. பூமி சூடாகிறது, இனி மழை பெய்தால் கொட்டித் தீர்க்கும், ஓடைகள் தாங்காது என்று தொண்ணூற்றேழில் சொன்னபோது பலர் சிரித்தார்கள். அதற்காக வட்டாரம் முழுவதற்கும் ஒரு திட்டம் போடுகிற குழுவில் அவளும் ஒருத்தி. ஓடைக்கரையில் தாழ்வாகக் கிடக்கும் மரவீடுகளை உயர்ந்த தூண்களில் தூக்கி வைப்பது, தெருவுக்குக் கீழே இருக்கும் ஒடுக்கமான மதகுகளை அகலமாக்குவது, கரையில் மரம் நடுவது. முதலில் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு. அந்தக் கடைசி வரிக்காக அவள் எத்தனை கூட்டங்களில் வாதாடினாள் என்பதைத்தான் போன அத்தியாயங்களில் பார்த்தோம்.

காலையில் அவளுடைய மேலதிகாரி கிரேம் வரைபடத்தை மேசையில் விரித்தார். முதல் கட்டத்தில் சேர்ந்த தெருக்களுக்கு நீல நிறம். சுகந்தினியின் கண் தன் தெருவைத் தேடியது. அது வெள்ளையாகவே கிடந்தது.

"எங்கள் தெரு இல்லையே, கிரேம்?"

"சேர்க்க வழியில்லை" என்றார் அவர். நல்ல மனிதர். அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாங்கள் போன அன்று உங்கள் வரிசையில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். உன் அம்மா மட்டும்தான் இருந்தார். தண்ணீர் வருமா என்று கேட்டேன். ஒருபோதும் இல்லை என்றார். பக்கத்து வீட்டிலும் இல்லையாம். சுவர்கூடப் புதுசாகப் பளிச்சென்று இருந்தது."

சுகந்தினி வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்த தெருவின் மேல் விரலை வைத்தாள்.

"எவ்வளவு உபசாரம்! அந்த வடையை நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன், விடவேயில்லை. அப்படியே வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்."

அந்த இடத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது; வருகிறவருக்காகச் செய்த அலங்காரம் என்று அவள் நினைத்திருந்த புதுப் பெயின்றும்தான். காலுறையோடு நடந்திருந்தால் முன்னறையின் ஈரம் கிரேமின் பாதத்தில் ஏறியிருக்கும். அம்மா அதற்குத்தான் பயந்திருக்கிறாள்.

"தெருவில் தண்ணீர் வருகிறது என்று நீ எழுதிக் கொடுத்தது பொய் என்று நான் நினைக்கவில்லை" என்றார் கிரேம். "சொந்தத் தெரு என்றால் யாருக்கும் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். இனிமேல் கவனமாக இரு."

'என் அம்மாதான் பொய் சொன்னாள்' என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பெற்றவளைப் பொய்க்காரி என்று அடுத்தவரிடம் காட்டிக் கொடுப்பது லேசான காரியமா? அவள் இடத்தில் நீங்கள் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். ஆனாலும் அந்த மௌனத்துக்காகப் பிறகு அவள் வருந்தினாள்.

தன் மேசைக்குப் போய் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, கிரேமை ஏன் சப்பாத்தோட உள்ள விட்டனீங்கள்?"

 அந்தப் பக்கத்தில் ஏதோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"உன்ர ஒஃபிஸ் பெரியவர், பிள்ளை. அவரைப் போய் ஈரத்துக்குள்ள காலை வைக்கச் சொல்லுறதே? சுகந்தியின்ர ஆக்கள் சேத்துக்குள்ள கிடக்கினம் எண்டு நாளைக்கு ஒஃபிஸில கதைக்க மாட்டினமே?"

"அந்த ஈரத்தைப் பாக்கத்தான் அம்மா அவர் வந்தவர்!"

"அதை நீ எனக்கு வடிவாச் சொல்லேல்லையே."

அதுவும் உண்மைதான். சொந்தத் தெரு என்பதால் வீட்டில் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அலுவலக விதி. சுகந்தினி அதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தாள். 'உள்ளதைச் சொல்லுங்கோ அம்மா' என்று ஒரு சொல் சொல்வதை எந்த விதி தடுத்திருக்கும்? இப்போது நினைத்து என்ன பயன்?

"பக்கத்து வீட்டையும் சேத்து ஏன் சொன்னனீங்கள்?"

"கேட்டவர். எங்கட வீட்டில இல்லை எண்டிட்டு அங்க இருக்கு எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒரே ஓடைதானே." ரதிதேவியின் குரல் உடைந்தது. "இனி என்ன செய்ய வேணும், சொல்லு."

"பின்னேரம் ஹோலில கூட்டம் இருக்கு. நீங்களே எழும்பி உண்மையைச் சொல்லுங்கோ. நாளைக்கு மற்ற நாள் சபையில கையை உயர்த்தி வாக்கெடுத்து முடிச்சுப்போடுவினம். அதுக்குப் பிறகு ரெண்டாம் கட்டம் எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. துஷானியை நினைச்சுப் பாருங்கோ அம்மா."

துஷானி பக்கத்து வீட்டு அனோஜாவின் கைக்குழந்தை. மன்னாரிலிருந்து வந்த அனோஜாவும் அவள் புருஷன் யூட்டும் அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். போன மாதம் ஓடை பெருகி இரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்த பிறகு பிள்ளைக்கு நெஞ்சில் பிடித்த சளி இன்னும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து, போன கிழமைதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஈரமில்லாத வீட்டில் பிள்ளையை வைத்திருங்கள் என்று டொக்டர் சொன்னார். கையில் இருக்கிற காசுக்கு ஈரமில்லாத வீடு எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

பின்னேரம் ஜெயரட்ணம் விரி என்ற தொழிற்சாலைப் பகுதியில் கிடங்கு வேலை முடிந்து வந்தார். மனைவி சொன்னதைக் கேட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"பூமி சூடாகுது எண்டு ஊரெல்லாம் கதை. எங்கட வீட்டு ஹீட்டர் மட்டும் சூடாகுதில்லை எண்டு நான் பகிடி விட்டுக்கொண்டு திரிஞ்சன். இப்பிடி வந்து முடிஞ்சிருக்கே!"

"பகிடியை விடுங்கோ. சுவருக்குப் பெயின்ற் அடிச்சது ஆர்?"

"அடிக்கச் சொன்னது ஆர்?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மேலதிகாரி வருகிறார் என்றதும் தண்ணீர் நின்ற கோடு தெரியாமல் முன்னறைக்கு வெள்ளை அடித்ததும் அவர்தான். வந்து போனதும், மானம் போகிற சாமான் என்று அன்று பாயால் மூடி மறைத்திருந்த கறைபிடித்த கார்ப்பெட்டைச் சுருட்டிக் குப்பைமேட்டுக்கு ஏற்றியதும் அவர்தான். மனைவி சொன்னதைத் தட்டாத மனிதர். தட்டியிருக்கலாம்.

"அத்தினை சனத்துக்கு முன்னால நான் பொய் சொன்னனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள் ரதிதேவி.

"பொய்யை மட்டும் நல்ல வடிவாச் சொன்னீரே. இது உண்மை. தன்ர பாட்டில வரும்."

அவர் நினைத்தது போல அது அவ்வளவு சுலபமாக வரவில்லை.

யூட்டுக்குப் பின்னேர ஷிஃப்ட். அதனால் அனோஜாவும் பிள்ளையும் இவர்கள் காரில்தான் கூட்டத்துக்கு வந்தார்கள். பின் சீட்டில் ரதிதேவிக்குப் பக்கத்தில் அனோஜா. கம்பளிக்குள் துஷானி கர் கர் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, எங்கட தெரு இந்த முறை இல்லையாமே. ஒருத்தி சொன்னவ" என்றாள் அனோஜா. "அண்டைக்கு உங்கட வீட்டுக்குத்தானே வந்தவை. தண்ணி வாறதைச் சொன்னியள்தானே?"

கார் சிக்னலில் நின்றது. முன்னால் இருந்த ஜெயரட்ணம் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார்.

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். காரின் நாலு கதவுக்குள், ஒரே ஒருத்தியிடம், கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். அனோஜா அழுதிருப்பாள், ஏசியிருப்பாள், பிறகு மன்னித்தும் இருப்பாள். ரதிதேவி வாயைத் திறந்தாள்.

"ஓம் பிள்ளை. சொன்னனான்."

சிக்னல் பச்சையானது.

மண்டபத்தில் கதிரை போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பலகையில் குத்தியிருந்தார்கள். மேடையில் சபை உறுப்பினரான ஒரு பெண்மணி தலைமை தாங்கினார். கிரேம் திட்டத்தை விளக்கினார். சுகந்தினி கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டபடி ஓரமாக இருந்தாள். கண் மட்டும் அம்மாவிடம் இருந்தது.

கேள்வி நேரம் வந்தது. ரதிதேவி கைப்பையின் வாரைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். எழும்பியது அனோஜா. தோளில் பிள்ளை.

"எங்கள் தெருவை ஏன் விட்டீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து பழகிய தெளிவான ஆங்கிலம். "பக்கத்து வீட்டு அன்ரி எல்லாம் உங்களுக்குச் சொன்னார். என் பிள்ளையின் மூச்சு உங்களுக்கே கேட்கும். எங்களைப் போன்றவர்கள் சொன்னால் காதில் ஏறாதா?"

மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். கிரேமின் முகம் சிவந்தது.

"மன்னிக்க வேண்டும். எங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் அவர் வீட்டிலும் தண்ணீர் வந்ததே இல்லை என்றுதான் சொன்னார்."

அனோஜா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. கிரேம் எதையோ மாற்றிச் சொல்கிறார், அன்ரி இப்போது எழும்பி அதைத் திருத்துவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. அந்த நம்பிக்கையை ரதிதேவியால் தாங்க முடியவில்லை. எழும்பிவிட்டாள்.

எழும்பியவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வரவில்லை. பொய்க்கு வந்த ஆங்கிலம் உண்மைக்கு வர மறுத்தது. தமிழில் ஏதோ தொடங்கி நின்றாள்.

சுகந்தினி பாய்ந்து எழும்பினாள். "நான் மொழிபெயர்க்கிறேன்."

"நீங்கள் அலுவலர். உங்கள் தெரு, உங்கள் தாய். இது முறையில்லை" என்றார் தலைமை தாங்கிய பெண்மணி, கடுமையில்லாமல். "வேறு யாராவது உதவலாமா?"

அந்த மண்டபத்தில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர்தான். ஜெயரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் சொல்லுறன் அன்ரி. நீங்கள் கதையுங்கோ" என்றாள் அனோஜா.

ரதிதேவி மேடையைப் பார்த்தே பேசினாள். "தண்ணி வாறது. ஒவ்வொரு மாரிக்கும் வாறது."

அனோஜா அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"வெக்கத்தில மறைச்சுப்போட்டன். மகளின்ர பெரியவர் வாறார் எண்டு சுவருக்குப் பெயின்ற் அடிச்சம். நிலம் ஈரம். காலில படும் எண்டு அவரைச் சப்பாத்தோட உள்ள விட்டனான்."

அனோஜாவின் குரல் மெலிந்தது. ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"பக்கத்து வீட்டிலயும் இல்லை எண்டு..." ரதிதேவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அதையும் நான்தான் சொன்னனான்."

 அனோஜா பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு மேடையைப் பார்த்து, "என் வீட்டைப் பற்றியும் அவர்தான் அப்படிச் சொன்னாராம்" என்றாள்.

அனோஜாவின் வாயாலேயே அதைச் சொல்ல வைத்த பாவத்தை ரதிதேவி எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

உண்மை வெளியே வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். சுகந்தினியும் அப்படித்தான் நினைத்தாள். பின்வரிசையில் ஒரு மனிதர் எழும்பினார். முதல் கட்டத்தில் கடைசியாக இடம் பிடித்த தெருக்காரர். அவருக்கும் ஒரு வீடு, அதற்கும் ஒரு ஓடை.

"ஒரு சந்தேகம். இந்த அம்மாவின் மகள் உங்கள் அலுவலகத்தில்தானே வேலை செய்கிறாள்? போன மாதம் தண்ணீர் இல்லை. தெரு பட்டியலில் இல்லை என்றதும் தண்ணீர் வந்துவிட்டதா? எங்களை வெட்டிவிட்டு இவர்களைப் போடப் போகிறீர்களா?"

மண்டபம் சலசலத்தது. சற்றுமுன் தலையாட்டியவர்களும் இப்போது சுகந்தினியின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்கள்.

கிரேம் கையை உயர்த்தினார். "நாளைக் காலை அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கறை, ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். வெறும் பூஞ்சணம் போதாது, அது ஆக்லாந்தில் பாதி வீடுகளில் இருக்கிறது."

ஜெயரட்ணம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பக்கத்து வீட்டிலாவது ஏதாவது மிஞ்சியிருக்குமா? அங்கேயும் வீட்டுக்காரன் போன கிழமைதான் புதுப் பலகை அடித்து, புதுக் கார்ப்பெட் போட்டு, வாடகையையும் ஏற்றியிருந்தான்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது ஜெயரட்ணம் கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் பஸ்ஸில வாறன் அங்கிள்" என்றாள் அனோஜா.

"குளிருக்குள்ள பிள்ளையோட எப்பிடி..."

"பரவாயில்லை அங்கிள்."

ரதிதேவி பக்கத்தில்தான் நின்றாள். அவளைத் திரும்பியும் பாராமல் அனோஜா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சாப்பாட்டு நேரமாகியும் அந்த வீட்டில் ஒருவரும் அடுப்படிப் பக்கம் போகவில்லை. முன்னறையில் ஜெயரட்ணம் அலுமாரியை இழுத்து நகர்த்தினார். ரதிதேவி முழங்காலில் இருந்து, பானை தேய்க்கிற கம்பிப் பஞ்சால் சுவரைத் தேய்த்தாள். வெள்ளைப் பெயின்ற் தூளாக உதிர்ந்தது. கீழே பழைய பெயின்றும் சேர்ந்து உதிர்ந்தது. கோட்டைக் காணவில்லை. கெட்டிக்காரத்தனமாக, நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அன்று அடித்திருந்தார்கள்.

"விடுங்கோ அம்மா" என்றாள் சுகந்தினி. "சுரண்டின சுவரைப் பாத்தா இன்னும் பிழையாத்தான் நினைப்பினம்."

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நாளைக்கு நான் வேலையை விடுறன் எண்டு கிரேமிட்டச் சொல்லப்போறன்."

"என்ன கதை பிள்ளை இது?"

"நான் அங்க இருக்கும் மட்டும் நீங்கள் சொல்லுறதை ஒருத்தரும் நம்ப மாட்டினம். நான் இல்லையெண்டா, உங்கட சொல்லு உங்கட சொல்லா நிக்கும். அனோஜாவின்ர சொல்லும் நிக்கும்."

"உன்ர மரியாதைக்காகத்தானே சுகந்தி நான் இவ்வளவும்..." ரதிதேவி எழும்பினாள். கையில் கம்பிப் பஞ்சு, முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூள்.

"தெரியும் அம்மா" என்றாள் மகள். கோபமில்லாமல் அவள் அதைச் சொன்னதுதான் தாய்க்கு அதிகம் வலித்தது.

ஜெயரட்ணம் யன்னல் சீலையை விலக்கி வெளியே பார்த்தார். கிரேம் வந்துபோன நாளிலிருந்து மழை என்று சொல்லும்படி ஒன்றும் பெய்யவில்லை. மேற்கே மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"இண்டைக்கு ஒரு நல்ல மழை பெய்து தண்ணி உள்ள வந்தா, நாளைக்கு வாறவன் தன்ர கண்ணால பாப்பான்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "பிள்ளை வேலையை விடவும் தேவையில்லை."

ரதிதேவி கையைக் கழுவிவிட்டுச் சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றாள். விளக்கை ஏற்றினாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் மழை வேண்டாம், ஓடை பெருக வேண்டாம் என்றுதான் அவள் கும்பிட்டிருக்கிறாள். இன்றைக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நல்லூரானே, முருகா, ஒரு மழையைத் தா. வீட்டுக்குள்ள தண்ணி வரட்டும்."

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. அனோஜா பஸ்ஸால் இறங்கி வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் துஷானி இருமத் தொடங்கினாள். இருமி, மூச்சுக்குத் தவித்து, திரும்பவும் இருமினாள். தண்ணீர் வந்தால் பக்கத்து வீட்டுக்குள்ளும்தான் வரும் என்பது அப்போதுதான் ரதிதேவிக்கு உறைத்தது.

கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. அவள் கேட்ட மழைதான். வேண்டும் என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராமல், கூப்பிய கையோடு நின்றாள் ரதிதேவி.